மாமனார் பேச்சைப் பிடிக்கப் போன இரண்டு பெட்டிகள்

சந்தேகமும் கூச்சமும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. சந்தேகப்படுகிறவன் வாய்விட்டுக் கேட்டுவிட்டால் பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். கூச்சப்படுகிறவன் பேசாமல் நம்பிவிட்டால் அவனுக்கும் தொல்லை இல்லை. எனக்கு இரண்டும் இருந்தது. எதைப் பார்த்தாலும் இதில் என்னவோ இருக்கிறது என்று தோன்றும். என்ன என்று கேட்க வாய் வராது.

முடிவெட்டப் போனால் இடது பக்கம் அதிகமாக எடுக்கிறாரோ என்று தோன்றும். சொல்லமாட்டேன். கடைசியில் அவர் பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்து, "போதுமா சார்?" என்பார். "நல்லாருக்குங்க" என்பேன். வீடு வந்து சேரும்வரை தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டே நடப்பேன். (என் மனைவி செல்வி, "கழுத்துல சுளுக்கா?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன்.)

இப்படிப்பட்டவன் டிவி ரிசீவர் வாங்கக் கடைக்குப் போகக் கூடாது. நான் போனேன்.

நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் எனக்கு வேலை. பத்தாவது வரைதான் படிப்பு. பல வருஷம் கான்ட்ராக்டில் இருந்து பிறகு பெர்மனென்ட் ஆனவன். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. செல்விக்கு நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மாமனார் கரும்பு விவசாயி. ஒரு நாளைக்குப் பேசுகிற வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் பாதி மாட்டிடம் பேசுவது.

தமிழ்நாட்டில் கரண்ட் வந்தால்தான் செய்தி என்றிருந்த வருஷங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது எங்கள் டவுன்ஷிப்பில் மட்டும் விளக்கு அணையவில்லை. கரண்ட் எடுக்கிற ஊரிலேயே கரண்டை நிறுத்த முடியாது என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். இதனால் செல்வி வீட்டு ஆட்களுக்கு என்மேல் திடீரென்று பாசம் பிறந்தது. அதுவரை விசேஷங்களில் நான் வந்ததையே யாரும் கவனித்ததில்லை. (கவனிக்கக் கூடாது என்றுதான் தூண் ஓரமாக உட்காருவேன்.) இப்போது வாரம் ஒருமுறை யாராவது வந்தார்கள். கையில் நாலு செல்போன், நாலு சார்ஜர். மாமியார் ஊறவைத்த அரிசியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்து, எங்கள் கிரைண்டரில் மாவரைத்துக்கொண்டு போவார். அவர்கள் பார்க்க வந்தது என்னையா, சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டையா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கேட்கவில்லை.

அப்படி மாவரைக்க வந்த ஒரு நாள்தான் மாமியார் அந்த விஷயத்தைச் சொன்னார்.

ஏதோ ஒரு டிவியின் விவசாய நிகழ்ச்சிக்காக மாமனாரைப் படம் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். கரும்பு வரிசைகளுக்கு நடுவில் உளுந்து போட்டு இரண்டும் எடுக்கிறார் என்று யாரோ சொல்லி, தேடி வந்திருக்கிறார்கள். அதில் மாமியாருக்குச் சந்தோஷம்தான். அவரைத் தூங்கவிடாமல் செய்தது வேறு.

"காப்பி டம்ளரத் திருப்பிக் குடுக்கும்போது அந்தக் கேமராக்காரன் சிரிச்சிகினே சொல்றான் மாப்ள, 'ஐயா உங்களப் பத்தி என்னா சொன்னாருன்னு டிவியில பாருங்கம்மா'ன்னு. நான் உள்ள அடுப்பாண்ட இருந்தன். ஒண்ணும் காதுல வுழல."

"நல்லதாத்தான் சொல்லியிருப்பாருங்க அத்த."

"இத்தினி வருசமா சொல்லாதத கேமராவப் பாத்துச் சொல்லிடுவாரா? கொழம்புல உப்பு பத்தலன்னு ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லி வச்சிருப்பாரு."

"மாமாகிட்டயே கேட்டுப் பாக்கலாமே."

"கேக்காம இருப்பனா? 'என்னமோ சொன்னன் போ'ன்னுட்டு மாட்ட ஓட்டிகினு போயிட்டாரு. என்னமோன்னா என்னா மாப்ள? நல்லதா இருந்தா சொல்லித் தொலைக்க மாட்டாரா?"

எனக்கு அவர்மேல் அன்றுதான் ஒரு சொந்தம் தோன்றியது. என்னைப் போல் சந்தேகப்படுகிற இன்னொரு மனுஷி. ஆனால் அவர் கேட்டுவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் என்னைவிட மேல்.

நிகழ்ச்சி அடுத்த மாதம் முதல் புதன்கிழமை காலை ஆறரைக்கு. அந்த நேரத்தில் அவர்கள் ஊரில் கரண்ட் இருக்காது. எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம் என்றால், அந்த வாரம்தான் அவர்கள் கரும்புக்குச் சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு. வெட்டுகிற ஆட்கள் விடியும்போதே வந்து நிற்பார்கள். மாமனாரும் மாமியாரும் நகர முடியாது. சமையலுக்கு ஒத்தாசையாகச் செல்வியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். செல்போனில் கேட்கலாம் என்றால், அவர்கள் செல்போன்கள் சார்ஜ் ஏற எங்கள் வீட்டுக்கு வந்தால்தான் உண்டு.

"நீங்கதான் மாப்ள அத எப்பிடியாச்சும் புடிச்சி வச்சிக் குடுக்கணும். நாயித்துக்கெழம எடுத்துகினு வாங்க. எல்லாரும் ஒக்காந்து பாக்கலாம்."

கிரைண்டரைத் தவிர வேறு எதையும் என்னிடம் கேட்டிராத மாமியார் முதல்முறையாக என்னிடம் ஒன்று கேட்டார். சரி என்றேன்.

எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸில் ஒரு அண்ணாச்சி இருந்தார். பாளையங்கோட்டைக்காரர், எலக்ட்ரிகல் செக்‌ஷன். வழி அவர்தான் சொன்னார். எங்கள் பிளாக்கின் மொட்டைமாடியில், முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன டிஷ் ஆன்டெனா ஒன்று இருந்தது. இலவசச் சேனல்கள் வருகிற ஒரு ரிசீவரை வாங்கி அதில் மாட்டி, பென் டிரைவைச் செருகினால், ஓடுகிற நிகழ்ச்சியை அப்படியே பதிவு செய்துகொள்ளலாம்.

"பஜார்ல கெடைக்கும். ஏதாவது ஒண்ண வாங்கிப்போடும்" என்றார்.

'ஏதாவது ஒண்ணு' என்று அவர் அவ்வளவு சுலபமாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

மெயின் பஜார் கடையில் இரண்டு வகை ரிசீவர் இருந்தது. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி நிறம். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். கறுப்புப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை வரை அடுக்கியிருந்தன. "இதுதாங்க நல்லா போவுது" என்றார் கடைக்காரர். நன்றாகப் போனால் ஏன் இத்தனை இங்கேயே இருக்கின்றன? வெள்ளிப் பெட்டி ஒன்றே ஒன்று. "கடைசிப் பீஸ் சார், எல்லாம் வித்துடுச்சி" என்றார். வித்ததா, யாரோ வாங்கிப்போய் திருப்பிக் கொடுத்ததா? இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தேன். கறுப்பு கனமாக இருந்தது. கனத்துக்காக உள்ளே ஏதோ இரும்புத் துண்டை வைத்திருக்கிறார்கள். வெள்ளி லேசாக இருந்தது. உள்ளே ஒன்றுமே வைக்கவில்லை.

"யோசிச்சிட்டு வரேங்க" என்று வந்துவிட்டேன்.

அந்த மாதத்தில் நான் அந்தக் கடைக்கு எத்தனை தடவை போனேன் என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும். ஷிப்ட் முடிந்து வரும்போது போவேன். மிக்சி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, வேறு யாராவது ரிசீவர் வாங்குகிறார்களா, எதை வாங்குகிறார்கள் என்று பார்ப்பேன். ஒருநாள் ஒருவர் கறுப்பு வாங்கினார். அவர் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் இருவரும் சொந்தக்காரர்களோ என்று தோன்றியது. இன்னொரு நாள் அட்டைப்பெட்டியின் அடியில் இருக்கும் சின்ன எழுத்துகளை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டேன். (இங்கிலீஷ் எழுத்துகள். அர்த்தம் தெரியாது. பத்திரத்துக்கு இருக்கட்டும் என்றுதான்.)

நான் கடைக்காரரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவர் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. நான் எழுதிக்கொண்டு நிமிர்ந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"சார் எந்த டிபார்ட்மெண்ட்டு?"

"மைன்ஸ்."

"மைன்ஸ்தானா?"

"மைன்ஸ்தாங்க."

"இல்ல, டெய்லி வர்றீங்க. எதுவும் வாங்கல. நோட் பண்ணிக்கினு போறீங்க." குரலைத் தாழ்த்தினார். "பில் புக்கெல்லாம் கரெக்டா இருக்கு சார். பாக்கணும்னா பாத்துக்கோங்க."

வரி ஆபீசிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வியர்த்தது. வியர்ப்பதைப் பார்த்து அவருக்கும் வியர்த்தது.

"ரிசீவர்தாங்க. எதுன்னு தெரியல" என்றேன்.

"அவ்ளோதானே. ரெண்டையும் எடுத்துகினு போங்க சார். வூட்டுல மாட்டிப் பாத்து புடிச்சத வச்சிக்கினு இன்னொண்ண குடுத்துடுங்க. ஒண்ணும் அவசரமில்ல."

கேட்காமலே ஒரு கடைக்காரர் இவ்வளவு நல்லவராக இருந்தால் என்ன அர்த்தம்? வீடு வரும்வரை யோசித்தேன். இரண்டுமே ஓடாது என்றுதான் தோன்றியது.

அண்ணாச்சி இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத் துளைகளைப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதாம் வே" என்றார்.

"அது கறுப்பு. இது வெள்ளி. வேற வேற பேரு போட்டிருக்கு."

"பேரு என்ன, நம்ம பேரக்கூட ஒட்டலாம். ஏதோ ஒண்ண வச்சிக்கிட்டு இன்னொண்ணக் குடுத்திரும்."

எலக்ட்ரிகல் செக்‌ஷன்காரர் சொன்னார். எந்த லாபமும் இல்லாமல் சொன்னார். நான் நம்பவில்லை. எப்படியும் என்னிடம் இரவல் வாங்கப்போகிறவர், எது இருந்தாலும் சரி என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை கறுப்பை மட்டும் மாட்டி அரைமணி நேரச் செய்தியைப் பதிவு செய்து பார்த்தேன். அருமையாக வந்தது. ஒத்திகையில் எல்லாம் நன்றாகத்தான் வரும் என்று கழற்றி வைத்தேன். செவ்வாய்க்கிழமை வெள்ளியை மாட்டிப் பார்த்தேன். அதுவும் அருமை. இரண்டில் ஒன்று சொதப்பியிருந்தால் மற்றதை நம்பியிருப்பேன். இரண்டும் ஒரே மாதிரி நன்றாக வந்ததில் எனக்குப் பெரிய குழப்பமாகிவிட்டது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஒன்றை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? இரண்டிலும் பதிவு செய்வோம். ஒன்று கைவிட்டால் இன்னொன்று. வாழ்க்கையிலேயே இதைவிடப் புத்திசாலித்தனமான யோசனை எனக்கு வந்ததில்லை என்று நினைத்தேன். அண்ணாச்சியிடமிருந்து, ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கிற சின்னச் சாமான் ஒன்றை வாங்கி வந்து, இரண்டு பெட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக டிவிக்குக் கீழே வைத்து மாட்டினேன். தானாகவே பதிவாகும்படி நேரம் குறித்து வைக்கிற வசதி இரண்டிலும் இருந்தது. அதை வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். பெட்டிக்குள் இருக்கும் கடிகாரத்தை நான் எப்படி நம்புவது? அந்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட். காலையில் வந்து என் கையாலேயே அழுத்திக்கொள்கிறேன் என்று முடிவு செய்து வேலைக்குப் போனேன்.

புதன்கிழமை காலை ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி, மூஞ்சியைக்கூடக் கழுவாமல் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். முகமெல்லாம் நிலக்கரித் தூசி. வீட்டில் யாரும் இல்லை. வலது கையில் கறுப்புப் பெட்டியின் ரிமோட். இடது கையில் வெள்ளிப் பெட்டியின் ரிமோட்.

வலது கையால் அழுத்திக் கறுப்பை எழுப்பினேன். வெள்ளியும் எழுந்துகொண்டது.

கூப்பிடாமல் இது ஏன் எழுந்தது என்று எனக்கு உடனே சந்தேகம். இடது கையால் அழுத்தினேன். வெள்ளி அணைந்தது. கறுப்பும் அணைந்தது. மறுபடி வலது கை. இரண்டும் எழுந்தன. சரி, தூங்கியது போதும் என்று எழுந்திருக்கும் என விட்டுவிட்டேன். அதற்குள் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது.

ஒரு பெண் வணக்கம் சொன்னார். ஏதோ உர மூட்டையைக் காட்டினார்கள். அடுத்து எங்கள் மாமனார். கரும்புக்கு முன்னால், புதுத் துண்டோடு, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி.

வலது கையில் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். கறுப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. நல்லது. இடது கையில் அழுத்தினேன். விளக்கு அணைந்தது. இரண்டிலும்.

அந்தப் பெட்டிகளில் பதிவுப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பதிவாகும். இன்னொருமுறை அழுத்தினால் நின்றுவிடும். அது எனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், எந்த ரிமோட்டை அழுத்தினாலும் இரண்டு பெட்டிகளும் கேட்டுக்கொள்ளும் என்பது. நான் ஒன்றைத் தொடங்கிவைத்து இன்னொன்றைத் தொடங்கப் போகும்போதெல்லாம் இரண்டையும் நிறுத்திக்கொண்டிருந்தேன். கறுப்பு வெள்ளியைக் கெடுக்கிறது என்று நினைத்தேன். பிறகு வெள்ளி கறுப்பைக் கெடுக்கிறது என்று நினைத்தேன். கடைக்காரர் இதற்காகத்தான் இரண்டையும் கொடுத்து அனுப்பினார் என்று அந்த அவசரத்திலும் ஒரு கணக்குப் போட்டேன். வெள்ளிப் பெட்டியின்மேல் என் துண்டைப் போட்டு மூடினேன். துண்டுக்குள்ளிருந்து விளக்கு எரிந்து அணைந்தது. ரிமோட்டைக் கறுப்புப் பெட்டியின் மூக்கருகில் கொண்டுபோய், யாருக்கும் கேட்காமல் ரகசியம் சொல்கிற மாதிரி அழுத்தினேன். இரண்டுக்கும் கேட்டது.

ஒரே ஒரு ரிமோட்டை ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இரண்டு பெட்டியிலும் முழுப் பேச்சும் பதிவாகியிருக்கும். எதையும் ஒரு தடவை செய்துவிட்டு விடுகிற ஆள் நான் இல்லை.

நான் மண்டிபோட்டு, வெள்ளிப் பெட்டியைத் துண்டில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் மாமனாரிடம் கேட்டார்: "கரும்புக்கு நடுவுல உளுந்து போடணும்ங்கற யோசனை உங்களுக்கு எப்படிங்க வந்தது?"

மாமனார் கேமராவைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"யோசன என்னுது இல்லீங்க. எங்க வூட்டுக்காரம்மாது. சும்மா கெடக்குற எடந்தானன்னு அதுதான் சொல்லுச்சி. நான் ஆவாதுன்னு சண்ட போட்டன். ஒரு நாள் நான் ஆலைக்குப் போயிருந்தப்ப அதுவே எறங்கி வெதச்சி வச்சிடுச்சி. அது அப்பிடி வெதச்சதாலதாங்க இன்னிக்கி நீங்க எங்க வூட்ட வெசாரிச்சிகினு வந்தீங்க."

அந்த நேரத்தில் இரண்டு பெட்டியிலும் விளக்கு எரியவில்லை. எனக்கு அது தெரியும். அழுத்த வேண்டும் என்றும் தெரியும். விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. ஆனால் அந்த மனுஷன் அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டேன். நினைவு வந்து அழுத்தியபோது அவர் கும்பிட்டு முடித்திருந்தார். அடுத்தது மண்புழு உரம். அது முழுசாக, தெளிவாக, இரண்டு பெட்டியிலும் பதிவானது.

சாயங்காலம் அண்ணாச்சி வந்து இரண்டு பெட்டிகளின் மூடியையும் திருகிக் கழற்றினார். உள்ளே அதே பச்சைத் தகடு, அதே சாமான்கள், அதே இடத்தில். கறுப்பில் மட்டும் அடியில் ஒரு இரும்புப் பட்டை கூடுதலாக வைத்திருந்தார்கள்.

"அன்னைக்கே சொன்னேம்லா" என்றார் அண்ணாச்சி.

நான் அந்த இரும்புப் பட்டையைக் காட்டி, "கனத்துக்கு ஏதோ வச்சிருக்காங்கன்னு நான் நெனச்சது சரிதான்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மூடியைத் திருகினார். எதை வைத்துக்கொள்வது என்று அவரையே சொல்லச் சொன்னேன். கையில் அகப்பட்ட கறுப்பை எடுத்து, "இதக் குடுத்திரும்" என்றார்.

அன்று மாலை செல்வி பக்கத்து ஊரிலிருந்து யாருடைய போனிலோ கூப்பிட்டாள். "பதிவாயிடுச்சாங்க? அம்மா கேக்குது."

"ம்" என்றேன். கூச்சம்தான். ஆகவில்லை என்று சொன்னால் எப்படி என்று கேட்பாள். எப்படி என்று சொல்ல என்னால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளிப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிராமத்துக்குப் போனேன். கூடம் நிறைய ஆட்கள். செல்வியின் பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு, எதிர்வீடு, கரும்பு வெட்டிய மேஸ்திரி. மாமியார் புதுப்புடவை கட்டியிருந்தார். மாமனார் கட்டிலின் ஒரு மூலையில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்ட் போய்விட வேண்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டினேன். நெய்வேலியில் சம்பளம் வாங்குகிற ஒருவன் அப்படி வேண்டியது அதுவே முதல்முறையாக இருக்கும். எப்போதும் போகிற நேரத்தில்கூட அன்று போகவில்லை.

பென் டிரைவைப் போட்டேன். துண்டு துண்டாகப் பதினேழு பதிவுகள். முதல் துண்டில் மாமனார், "வணக்" என்றார். இரண்டாவதில் துண்டைச் சரிசெய்தார். மூன்றாவதில் "கரும்புன்னு எடுத்துகினா" என்றார். நான்காவதில் ஒரு கொக்கு பறந்தது. பிறகு கண் சிமிட்டினார், இருமினார், "அதுல பாத்தீங்கன்னா" என்றார், மறுபடி "அதுல பாத்தீங்கன்னா" என்றார். கடைசியாக மண்புழு உரம் முழுசாக ஓடியது. மண்புழுக்களை எல்லாரும் கடைசிவரை பார்த்தார்கள்.

செல்வியின் தம்பிதான் முதலில் சிரித்தான். "மாமா, இது எங்கப்பாவா, வெட்டு மெஷின்ல மாட்டுன கரும்பா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. மாமியார் சிரிக்கவில்லை. அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னப் பத்தி சொன்னாருன்னானே, அது எங்க மாப்ள?"

"அது… அது பதிவாகலைங்க அத்த."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தன்."

"அப்ப நீங்க சொல்லுங்க. என்னா சொன்னாரு?"

முப்பது தலைகள் திரும்பின. பெண் பார்க்கப் போன அன்றுகூட நான் அந்தக் கூடத்தில் நாலு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. மாமனாரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியை விடவில்லை. எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். "யோசன என்னுது இல்லீங்க. எங்க வூட்டுக்காரம்மாது…"

"எங்கக்கா எப்ப மாமா கழனில எறங்குச்சு?" என்றான் மச்சான்.

அவன் வாயை யாரோ பொத்தினார்கள். நான் கடைசிவரை ஒப்பித்தேன். வேகத்தில் "அதுவே எறங்கி நாலு வரிச வெதச்சி வச்சிடுச்சி" என்று ஒரு எண்ணிக்கையும் வாயில் வந்தது. முடித்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

மாமியார் என்னையே உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கறுப்புப் பெட்டியை நான் பார்த்த பார்வை.

"நெசமா அவர் சொன்னதா? பெட்டி கெட்டுப்போச்சேன்னு நீங்களா ஜோடிச்சிச் சொல்றீங்களா?"

"நெசமாத்தாங்க அத்த."

கட்டில் பக்கம் திரும்பினார். "சொன்னீங்களா?"

மாமனார் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மாட்டுக்குத் தண்ணி காட்டலயா இன்னும்?" என்று கேட்டுக்கொண்டே பின்பக்கம் போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நான்தான் பெட்டி. காதுகுத்தோ, வளைகாப்போ, புதுமனையோ, சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்ததும் யாராவது ஆரம்பிப்பார்கள். "மாமா, அத ஒரு வாட்டி போடுங்க." நான் ஒப்பிக்க வேண்டும். நடுவில் இருமினால், "சிக்னல் போயிடுச்சி" என்பார்கள். நிறுத்தினால், "ரெண்டாவது ரிமோட்ட அமுத்திட்டாரு" என்பார்கள். (ரிமோட் கதையை அண்ணாச்சி செல்வியிடம் சொல்லிவிட்டிருந்தார்.) தூணோரம் உட்கார்கிற வசதி எனக்குப் போயே போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் முடித்தவுடன் மாமியார் அதே கேள்வியைக் கேட்பார்: "நெசமாத்தானே மாப்ள?" ஒவ்வொரு தடவையும் மாமனாருக்கு மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டியிருக்கும். வருஷங்கள் போகப் போக எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணோடு, துண்டில் சுருட்டிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டது. அவர் சொன்னதா, அவர் சொல்லியிருந்தால் நன்றாக இருக்குமே என்று நானே சேர்த்துக்கொண்டதா?

மச்சானின் பெண்ணுக்குக் காது குத்திய அன்றும் போடச் சொன்னார்கள். சாப்பிட்டு முடித்த பந்தி. மாமனார் கடைசி இலையில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். கேட்டுப் பழகிப் போனதால் யாரும் சரியாகக் கவனிக்கக்கூட இல்லை. நான் வழக்கம்போல் சொல்லிக்கொண்டே போய், "ஒரு நாள் நான் ஆலைக்குப் போயிருந்தப்ப அதுவே எறங்கி நாலு வரிச வெதச்சி வச்சிடுச்சி" என்றேன்.

"நாலு இல்ல. ஆறு."

மாமனார்தான். பழத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

எல்லாத் தலையும் கடைசி இலைப் பக்கம் திரும்பியது. தான் என்ன செய்துவிட்டோம் என்பது மாமனாருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பாதிப் பழத்தை இலையில் வைத்துவிட்டு எழுந்தார்.

மாமியார் பாயச வாளியோடு நின்றுகொண்டிருந்தார். இந்தத் தடவை அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பி, கூடத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"கேட்டுக்கினீங்களா மாப்ள? ஆறாம். திருத்தி வச்சிக்கினு மொதல்லேருந்து போடுங்க."